நண்டு மருந்து

சுனாமிக்கு அடுத்த வருடம், ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று. களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போன பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“என்ட மகளுக்கு இப்ப நண்டு பிடிக்கிறதுதான்கா மருந்து.”

“எந்தப் பரியாரி குடுத்த மருந்து?”

“தெரப்பி மிஸ்தான். கடல் வந்ததுக்குப் பிறகு இவள் தண்ணியக் கண்டாலே ஓடுறவள்தானே. மிஸ் வாவிக் கரைக்குக் கூட்டிப்போய் நண்டு பிடிக்க விட்டிருக்கா. நண்டு தண்ணிக்குள்ள ஓட, இவளும் துரத்திக்கொண்டு இறங்கிட்டாள். இப்ப முழங்கால் தண்ணியில நிக்கிறாள், புள்ள!”

“நீயும் கிட்டப் போய்ப் பாத்தியா?”

“நானோ? றோட்டில நிண்டு பாத்தனான்.”

“கல்லடிப் பாலம் வருது, கீழ முழுக்க வாவித் தண்ணி, கண்ண மூடிக்க!” என்று மற்றவர் சிரித்தார்.

ஜன்னலோரம் இருந்தவர் உண்மையிலேயே கண்களை மூடிக்கொண்டார். மூடியபடியே பேசினார்:

“இனித் தப்ப ஏலாது. மகள் மிஸ்ஸிட்ட என்ட பேரையும் குடுத்திட்டாள்.”

“அது சின்னப் பிள்ளைகளுக்கெல்லோ?”

“ஓம். பத்து வயசுக்குள்ளதான் எடுப்பாங்களாம். அதால அம்மாக்கு ஏழு வயசெண்டு சொல்லியிருக்காள்.”

“மிஸ் நம்பிட்டாவா?”

“‘ஏழு வயசுப் பிள்ளைய நாளைக்குக் காலம எட்டு மணிக்குக் கையில பிடிச்சுக் கூட்டிவா’ எண்டு மகளிட்டச் சொல்லிவிட்டிருக்கா.”