மூக்குப் பஞ்சு

ஹட்டனில் கேமராக்காரனுக்கு முதல் எதிரி ஈரம், சேர். லென்சில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் கேமராவை நான் அரிசி டின்னுக்குள்தான் வைப்பேன். வீட்டில் அதற்காகப் பேச்சு வாங்காத நாளில்லை. நீங்கள் கேட்டது தேயிலைத் தோட்டத்துக் கந்தப்பன் அண்ணனின் சாவைப் பற்றி என்று தெரியும். கேமராவை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு கொழும்புக் கம்பனி எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர் நாலு பேருக்கு ஆளுக்கொரு கேமரா பத்து நாள் கொடுத்தது. ஃபுல் ஃபிரேம், இருபத்து நான்கு மெகாபிக்சல். சோதித்து அறிக்கை எழுத வேண்டும். நல்ல அறிக்கைக்குக் கேமராவே பரிசு. கையில் எடுத்த நிமிஷமே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

சோதனைதான் கஷ்டம். ஃபிளாஷ் போடாமல், மங்கல் வெளிச்சத்தில், ஷட்டரை இரண்டு செக்கன் திறந்துவைத்து ஒரு முகம் எடுக்க வேண்டும். மயிர்க்கால் தெரிய வேண்டும். உயிரோடு இருக்கிற யார் இரண்டு செக்கன் ஆடாமல் இருப்பார்? கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேட்டேன், சிரித்தே கெடுத்தார்கள். என் மனைவி ஜெயந்தினி அசையாமல்தான் உட்கார்ந்தாள், வாயை மட்டும் மூடவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் கந்தப்பன் அண்ணன் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. தோட்டத்து டாக்டரையா கையைப் பிடித்துப் பார்த்து முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். எனக்கு அழுகை வந்தது. கேமராவைத் துடைத்துக்கொண்டேதான் அழுதேன்.

படம் எடுக்க அவரைப் போல ஒரு ஆள் கிடைக்கமாட்டார். அசையாதீங்க என்றால் மூச்சையும் சேர்த்து அடக்கிவிடுவார். நான் 'விடலாம்' என்று சொன்னால்தான் விடுவார். அவர் மகள் கல்யாணத்தில் நான் பிலிம் மாற்றுகிற மும்முரத்தில் சொல்ல மறந்து, மனிதர் மயங்கியே விழுந்தார்.

எங்கள் வழக்கப்படி சவப்பெட்டியை லயத்து வீட்டு வாசலில் சாய்த்து நிறுத்தினார்கள். கடைசிப் படத்துக்குக் குடும்பம் சுற்றி நின்றது. பொழுது சாய்கிற நேரம், நல்ல பனிமூட்டம். இரண்டு செக்கன் திறந்து ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். தாடி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. நெற்றிக் காசில் எழுத்தை வாசிக்கலாம். மூக்குப் பஞ்சு மட்டும் மங்கல். லென்சின் கோளாறு என்று நினைத்து இன்னொன்று எடுத்தேன். அதே மங்கல். கிட்டப் போய்ப் பார்த்தேன். பஞ்சு மெதுவாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

அவர் மனைவி மீனம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்னா தம்பி, படம் சரியா விழலியா?"

"ஒன்னுமில்ல மதினி. லேசா ஆட்டம் இருக்கு."

"பொட்டி ஆடுதாம், நல்லா புடிங்கப்பா."

நாலு பேர் வந்து பெட்டியை இறுக்கிப் பிடித்தார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் கூச்சல், லொறி, ஆஸ்பத்திரி. மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வெளிச்சமும் நிற்காது. நீங்களே யோசித்துப் பாருங்கள். மாலையைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"அண்ணே, மூச்சப் புடிங்க."

பஞ்சு நின்றுவிட்டது. அப்படி ஒத்துழைக்கிற மனிதர்.

மூன்றாவது படத்தில் பஞ்சின் ஒவ்வொரு நூலையும் எண்ணலாம். அறிக்கையில் தெளிவுக்குப் பத்துக்குப் பத்துப் போட்டேன். கேமரா எனக்கே கிடைத்தது. கம்பனி நான் கொடுத்த மூன்று படங்களையும் ஆளுயரத்துக்கு அச்சடித்து ஹட்டனில் வரிசையாக மாட்டியது. அதைப் பார்க்க மீனம்மா மதினியும் வந்தார். மூக்கு மூக்காகப் பார்த்துக்கொண்டே போய் மூன்றாவதில் நின்றார். பிறகு நேரே பொலிசுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறார். கேமராவின் தரத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

'விடலாம்' என்று சொல்ல மறந்துவிட்டதாகத்தான் மதினியிடம் சொன்னேன். அது பொய், சேர். எனக்கு நன்றாக நினைவிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பெட்டி மூடியை வைப்பதற்குள் இன்னும் ஒரு படத்துக்கு வெளிச்சம் இருந்தது. நாலாவதையும் எடுத்தேன். அண்ணன் அசையவே இல்லை.