இன்னும் அரைச் சுற்று

இறுக்கினால் ஒழுகல் நிற்கும் என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா, இறுக்கு. கார் எஞ்சின் ஒழுகுகிறதா, அதையும் இறுக்கு. படித்தவர்கள் இதை இன்னும் பலமாக நம்புகிறார்கள். அரிமளத்தில் முப்பத்தாறு வருஷமாகக் கார் பட்டறை வைத்திருக்கும் பெரியண்ணனாகிய நான் சொல்கிறேன், பழைய எஞ்சினைப் பொறுத்தவரை அது சுத்தத் தப்பு.

எஞ்சினின் தலையில் டேப்பட் கவர் என்று ஒரு தகர மூடி இருக்கும். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கார்க் பேக்கிங். மேலே இரண்டே இரண்டு நட்டு. கையால் திருகி, ஸ்பானரில் அரைச் சுற்று வைத்து விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தகரம் வளையும், கார்க் பிதுங்கும், எண்ணெய் ஓரமாக எட்டிப் பார்க்கும். அப்புறம் இறுக்க இறுக்க ஒழுகல் கூடுமே தவிரக் குறையாது.

தேனப்பன் செட்டியாரிடம் இதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மதுரையில் காகித வியாபாரம் பண்ணி, ஓய்ந்து, ஊருக்கு வந்தவர் அவர். எழுபத்தொரு வயது. அவருடைய அப்பா வாங்கிய அறுபத்தோராம் வருஷத்துக் கறுப்பு கார் ஒன்று வைத்திருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி சேதுலட்சுமி ஆச்சி தவறியதும், மகள் அர்ச்சனா சென்னைக்கு வந்துவிடச் சொன்னது. வருகிறேன், வண்டியும் வரும் என்றார் செட்டியார். அர்ச்சனா குடியிருக்கும் அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடம் முழுக்கப் பளபளவென்று டைல்ஸ். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் வண்டியை உள்ளே விடமாட்டோம் என்று சங்கத்துச் செயலாளர் எழுதியே கொடுத்துவிட்டார். நியாயமான மனிதர், நான் குறை சொல்லமாட்டேன்.

"ஒழுகல் நின்ன மறுநாள் கெளம்பிருவேன்" என்று செட்டியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பிடித்தால் பிடித்த பிடிதான், அந்த மனிதர். வண்டியை என்னிடம் ஒப்படைத்தார்.

அந்த நாட்களைப் போல் சந்தோஷமான நாட்கள் என் வாழ்க்கையில் கிடையாது. வண்டி அவர் வீட்டு ஷெட்டில்தான் நிற்கும். சாயந்தரம் எஞ்சினுக்கு அடியில் அட்டை விரித்துவிட்டுப் போவேன். காலையில் இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அட்டையை இழுத்துப் பார்ப்போம்.

"நேத்து பதினாலு சொட்டு. இன்னைக்குப் பதினெட்டு. கூடிருச்சேப்பா!"

"ஆமாங்கய்யா."

"இன்னங் கொஞ்சம் இறுக்கேன்."

இறுக்குவேன். அவர் சொல்லித்தான் இறுக்கினேன் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சமையல்காரி காத்தாயி வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்து வைக்கும். சாப்பிட்டுவிட்டு டிரையல் போவோம், ஓட்டிப் பார்த்தால்தானே ஒழுகல் தெரியும். ஒரு நாள் திருமயம், ஒரு நாள் பொன்னமராவதி. அங்கே ஒரு காபி, ஆளுக்கு இரண்டு வடை, ஊர் வம்பு. டிரையலுக்குப் பொன்னமராவதி வரை போகணுமா என்று காத்தாயி கேலி பண்ணும். செட்டியார் வாய்விட்டுச் சிரிப்பார். நானும்தான்.

எனக்கு ஆள் துணை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்காரி திருப்பூரில் மகனோடு இருக்கிறாள் என்றாலும், பட்டறைக்குத் தினமும் பத்துப் பேர் வருவார்கள். என்ன, வண்டி சரியானதும் பத்துப் பேரும் போய்விடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செட்டியார் அட்டையைப் பார்த்து எட்டுச் சொட்டு என்றார். நான் எண்ணினேன், இருபது இருந்தது. புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டினேன். நான்தான் கூட்டிப்போனேன். கண்ணில் பிரஷர் ஏறியிருக்கிறது, சொட்டு மருந்து கொஞ்ச நாள்தான் தாங்கும், சென்னையில் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். தெளிவாகப் பேசினார்.

அர்ச்சனா அன்றைக்கே புறப்பட்டு வந்தது. "அப்பச்சி, ரயில்ல வாங்க. வண்டி பின்னாடி வரட்டும்."

"நான் போனப்புறம் எவன் அதுக்குப் பேக்கிங் மாத்துவான்? ஒரு மாசம் பொறு, ஆத்தா. பெரியண்ணன் நிப்பாட்டிருவான்."

அர்ச்சனா என்னைப் பார்த்தது. ஒழுகலை நிறுத்த எனக்கு ஒரு காலைப்பொழுது போதும். கவரைக் கழற்றி, சமமான கல்லின் மேல் வைத்து, வளைந்த விளிம்பைத் தட்டி நேராக்கி, புது கார்க்கைப் பசை போட்டு ஒட்டினால் முடிந்தது. "பாத்துக்குறேன், தங்கச்சி" என்றேன். மறுநாள் அரைச் சுற்று கூடுதலாக வைத்தேன்.

சொட்டு மருந்தை நான்தான் போட்டுவிடுவேன். காலையில் ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. ஒரு நாள் தவறியதில்லை. பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது என்று செட்டியாரே சொல்லியிருக்கிறார். போன வருஷம் ஆடியில் இடது கண் முழுக்கப் போய்விட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வருத்தப்படாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்தான் தேற்றினார். நல்ல மனிதர்.

வலது கண்ணிலும் இப்போது நிழல்தான் தெரிகிறது. வெளிச்சம் எந்தப் பக்கம், ஆள் எந்தப் பக்கம் என்று சொல்வார். அட்டையில் இருப்பது எதுவும் தெரியாது. அதனால் நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு நல்ல நாளாகப் பார்த்து டேப்பட் கவரைக் கழற்றி, தொழில் சுத்தமாக வேலையை முடித்துவிட்டேன். அவருக்குத் தெரியப்போவதில்லை என்றான பிறகு வண்டியை எதற்கு வதைக்க வேண்டும்? பழைய எஞ்சின், பாவம். இப்போது வெள்ளைத் துணியால் துடைத்தாலும் கறை ஒட்டாது. நான் செய்ததிலேயே அழகான வேலை அது, காட்டத்தான் ஆள் இல்லை.

காத்தாயி மட்டும் ஒரு நாள் கேட்டது. "என்னண்ணே, அட்டை காஞ்சு கெடக்கு?"

"அய்யா சென்னைக்குப் போயிட்டா நீ எங்கிட்டுப் போயி சமைப்ப, காத்தாயி?"

அப்புறம் அது கேட்கவில்லை. பணியாரத்தோடு உள்ளே போய்விட்டது.

இன்று காலை அர்ச்சனா போன் பண்ணியது. பெரிய டாக்டர் ஒருவரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறது. இந்தக் கண்ணாவது நிற்கணும் என்றால் இதுதான் கடைசி, அதற்கப்புறம் பண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்று அழுதது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. செட்டியார் வண்டிக்குப் பக்கத்தில் மெள்ளக் குனிந்து உட்கார்ந்தார்.

"பெரியண்ணா, சொட்டுதாப்பா?"

எண்ணெய் டப்பா என் கையில்தான் இருந்தது. அட்டையில் மூன்று சொட்டு விட்டேன். அவர் விரலைப் பிடித்து அதில் வைத்தேன். தேய்த்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"சொட்டுதுங்கய்யா. ஆனா முன்னைக்கு இப்பக் கொறவு."

"கேட்டியா ஆத்தா? கொறஞ்சிருக்காம். அடுத்த மாசம் வந்துர்றேன்."

அர்ச்சனா என்னிடம் பேசணும் என்றது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்தேன். "அண்ணே, நீங்க சொன்னா அப்பச்சி கேப்பாக. ஒங்கள நம்பித்தான் இருக்கேன்."

அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு, ஆனால் விவரம் போதாது. கண் தெரியாத மனிதரை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது? என்னை விட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்?