கைவால்வை என் தங்கை கணவர் மூடியது குறித்து

பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளபடி. வயது நாற்பத்தாறு. பெயிண்டுக்கான பிசின் காய்ச்சும் தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருக்கிறேன். இறந்தவர் என் தங்கையின் கணவர். விசாரித்ததில் நான் சொல்வதாவது:

பிசின் காய்ச்சும் கலன் சூடேறும்போது சுற்றிலும் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டும். போன வருடம் அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். வால்வை எவ்வளவு திறந்தால் எவ்வளவு சூடு இறங்குகிறது என்று ஓடும்போதே கற்றுக்கொண்டு, வரப்போகும் சூட்டை முன்கூட்டியே கணித்து அதுவே தண்ணீர் விடும் என்றார் இன்ஜினியர். மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் நாங்கள் அதற்கு 'மருமகன்' என்று பெயர் வைத்தோம். தொடக்கத்தில் அது தடுமாறியது. அலாரம் அடித்தால் திட்டு எங்களுக்குத்தான். ஆகவே அதே கலனுக்குத் தண்ணீர் விடும் பக்கத்துக் குழாயில், கையால் திருகும் கைவால்வையும் கொஞ்சம் திறந்து வைத்தோம். அது மூடியே இருக்க வேண்டும் என்பது விதி. கம்ப்யூட்டருக்கு அந்தத் தண்ணீர் தெரியாது. அதன் பிறகு அலாரம் அடிக்கவில்லை. மருமகன் தேறிவிட்டான் என்று இன்ஜினியர் டீ வாங்கிக் கொடுத்தார். உண்மையைச் சொல்லாமல் குடித்தோம்.

தங்கை கணவர் விபத்து நடந்த அன்றுதான் வேறு பிரிவிலிருந்து மாறி வந்தார். நான் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு உடை மாற்றிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், வீட்டுலதான் குழாய மூட மாட்டீங்கன்னு பார்த்தா இங்கயுமா? நான் மூடிட்டேன்" என்றார். நானும் சிரித்தேன். இவ்வளவு நாள் கற்ற பிறகு இனி மருமகன் தனியாகவே சமாளித்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நடந்தது இதுதான்: கொஞ்சம் திறந்தாலே போதும் என்று எங்களால் தப்பாகக் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் கொஞ்சம்தான் திறந்தது, அது தன் கணக்கைத் திருத்திக்கொள்வதற்குள் சூடு கைமீறி, கலன் மூடியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு கொதிக்கும் பிசின் பீறிட்டது. அலாரம் கேட்டு ஓடினேன். அவர் கைவால்வின் பக்கத்தில் கிடந்தார். திறக்க ஓடியிருக்கிறார். சட்டைப்பையில் பேனா உருகி ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் தங்கை, "அவர் எதையோ மூடினதாலதான் இப்படி ஆச்சாமே. அவர் தப்பு பண்ணிட்டாராண்ணா?" என்று கேட்டாள். அந்தப் பிரிவில் விதிப்படி வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கிறது. ஒரு நகலைத் தங்கையிடம் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் வாயால் அவளிடம் சொல்ல முடியவில்லை.

(ஒப்பம்)