கூப்பிடறப்போ போகணும்

— அண்ணி, கேக்குதா? பனி விலகற வரைக்கும் கிரேனை அசைக்க வேணாம்னு எஞ்சினியர் சொல்லிட்டார். மேலயே உக்காந்திருங்க.

— எங்க அசைக்கிறது குட்டி? கண்ணாடிக்கு வெளிய ஒரே வெள்ளை. கீழ உலகம்னு ஒண்ணு இருக்கா, இல்ல கலைச்சுட்டாங்களா?

— இருக்கு, ஈரமா இருக்கு. உங்க கிரேன்தான் காணோம். தூண் கொஞ்ச தூரம் ஏறிப் போயி அப்படியே கரைஞ்சுடுது. ரேடியோவுல உங்க குரல் மட்டும் வருது, சாமி பேசற மாதிரி.

— சாமிக்கு வயிறு கிடையாதாம். குடுத்து வச்சது.

— அதுக்குத்தான் வர்றேன், கேளுங்க. நேத்து வேலைக்குப் போறேன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பினீங்க. இங்க வந்து பாத்தா நீங்க லீவு. எங்க போனீங்க?

— பனி நகர்றது அழகா இருக்கு குட்டி. மெத்தையைப் பிரிச்சுப் பஞ்சைக் கொட்டின மாதிரி.

— பேச்சை மாத்தாதீங்க. மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. சாப்பாட்டு டப்பா தொடாம திரும்பி வருது. வயித்தைப் பிடிச்சுட்டு நிக்கறீங்க. அம்மா தொட்டில் விசாரிக்கவே கிளம்பிட்டாங்க, தெரியுமா?

— தொட்டிலா! பாவம் அத்தை. அது குழந்தை இல்ல குட்டி. மலச்சிக்கல்.

— என்னது?

— சிரிக்காத.

— சிரிக்கல அண்ணி, இருமினேன்.

— உன் முகம் தெரியலங்கற தைரியத்துலதான் சொல்றேன். காலைல வயிறு மெதுவா கூப்பிடும். அப்போ பாத்ரூம்ல மாமா ஷேவிங். அவர் வந்தா உங்கண்ணன். அப்புறம் நீ. அதுக்குள்ள பஸ் வந்துடும். இங்க வந்து மேல ஏறினா மறுபடி கூப்பிடும். கொக்கியில இரும்பு தொங்குது, நான் எங்க இறங்கறது? அடக்கிப்பேன். எதுக்கு வம்புன்னு தண்ணியும் குடிக்கறதில்ல.

— ஐயோ சாமி. கீழ நின்னு சைகை காட்டற எனக்கே இது தோணலயே. மாத்திரை ஏதாவது போட்டீங்களா?

— கடையில கேட்டு வாங்கி நானா போட்டேன். ஒரு நாள் ஓட விடும், அடுத்த நாள் மறுபடி கல்லு. முக்கி முக்கி... ஒருநாள் ரத்தம் வந்துடுச்சு குட்டி.

— அண்ணி!

— எங்கம்மாவுக்கும் ரத்தத்துலதான் ஆரம்பிச்சுது. குடல்ல கட்டி. வெக்கத்துல யார்கிட்டயும் வாயே திறக்கல. திறந்தப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. அதான் நேத்து டாக்டரம்மாகிட்ட போனேன். உங்கண்ணன்கிட்ட சொல்ல வாய் வரல.

— என்ன சொன்னாங்க? சீக்கிரம் சொல்லுங்க.

— கெட்டியா இறங்கினதுல ஆசனவாய் ஓரமா வெடிச்சிருக்காம், ஆறிடுமாம். அம்மாவுக்கு இருந்ததால குழாய் விட்டு உள்ள ஒருதடவை பாத்துடலாம்னாங்க. தினமும் போயே ஆகணும்னு இல்லயாம், ஆளுக்கு ஆள் மாறுமாம். முக்காம இளகிப் போனாப் போதுமாம். தண்ணி நிறைய, காய் பழம் நிறைய, கொஞ்சம் நடை. காலுக்கடியில ஒரு முக்காலி போட்டு முழங்காலை உசத்தி உக்காரச் சொன்னாங்க. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க பாரு, அதான் காதுலயே நிக்குது. "உடம்பு கூப்பிடறப்போ போகணும்மா. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு அது கூப்பிடறதையே விட்ரும்"னாங்க.

— மனுஷங்களும் அப்படித்தானே.

— அதான் குட்டி. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— இப்ப நான் சொல்றேன், கேளுங்க. நாளையிலேர்ந்து காலைல சாப்பிட்டதும் பாத்ரூம் உங்களுது. அப்பா ஜன்னலோரம் கண்ணாடி மாட்டி ஷேவ் பண்ணிக்கட்டும். யாராவது கதவைத் தட்டினா கையை ஒடிச்சுடுவேன். இங்க கூப்பிட்டா, "மேல காத்து ஜாஸ்தி"ன்னு ஒரு வார்த்தை. கொக்கியைக் காலி பண்ணிட்டு உங்களை இறக்கிடறேன்.

— காத்து ஜாஸ்தியா! நல்லா வச்ச பேரு.

— சிரிச்சுட்டீங்க! எத்தனை நாளாச்சு இந்தச் சிரிப்பைக் கேட்டு.

— லேசா இருக்கு குட்டி. வயிறு இன்னும் அப்படியேதான் இருக்கு, ஆனா லேசா இருக்கு. பனிக்குள்ள மஞ்சளா ஒண்ணு தெரியுது. சூரியன்னு நினைக்கிறேன்.

— அம்மா... குறுக்க பேசறதுக்கு மன்னிச்சுக்கோங்க. நான் ரெண்டாம் கிரேன் டிரைவர். நீங்க பேசறது எல்லா கிரேனுக்கும் கேக்குது.

— ஐயோ அண்ணி! லைனை மாத்த மறந்துட்டேனே!

— யாரும் சிரிக்கலம்மா. எனக்கும் ரொம்ப நாளா ரத்தம் போகுது, வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்கன்னு கொஞ்சம் சொல்றீங்களா?