தூங்க வேண்டிய பொம்மை

– அப்ப இந்தக் கை யாரோடது அக்கா? கூடையைப் பிடிச்சிருக்கு பாரு.

– மீன்காரனோடது.

– மீன்காரனுக்குத்தான் போன ஞாயித்துக்கிழமையே ரெண்டு கையும் ஒட்டியாச்சே.

– அவன் கையைக் கொஞ்சம் உத்துப் பாரு சவேரியோ. வளையல் போட்டிருக்கான்.

– எனக்கு ஒண்ணும் ஓடல. தண்ணியில ஊறி எல்லாம் வெளுத்துப் போச்சு. எது ஆம்பள எது பொம்பளன்னே தெரியல.

– மாடி வீட்டுக்காரன் குழாயை உடைச்சாலும் உடைச்சான், அப்பா கட்டின குடில் மொத்தமும் கஞ்சியாப் போச்சு. ரெண்டு வருஷமா நீயும் நானும் ஒட்டிக்கிட்டே கிடக்கோம். இன்னிக்கு ராத்திரி கிறிஸ்துமஸ், கேட்டியா? இன்னிக்கும் முடியலைன்னா அப்பா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்.

– உன்னைத் திட்டவாவது செய்வார். ஞாயித்துக்கிழமை ஆனா சலேர்னோவிலேருந்து ரயிலேறி வரேன். நான் உள்ள நுழைஞ்சதும் அவர் அறைக் கதவு சாத்திக்குது.

– சாத்திக்குது. தாழ்ப்பாள் போடறதில்ல.

– அதுக்கு என்ன அர்த்தம்?

– எனக்கென்ன தெரியும்? அவரா சொல்லப் போறாரு?

– அம்மா போன சேதி வந்தப்போ நான் கப்பல்ல, நடுக்கடல்ல இருந்தேன் அக்கா. எப்படி இறங்கி வர முடியும்?

– அது அவருக்கும் புரியும்டா. கரைக்கு வந்ததுக்கு அப்புறமும் ஏன் வரலைன்னுதான் அவருக்குக் கோவம்.

– வெக்கமா இருந்துச்சு. அடக்கத்துக்கு வராதவன் எந்த மூஞ்சியோட வாசப்படி ஏறுவான்? ஒரு மாசம் தள்ளிப் போச்சு, அப்புறம் வருஷமாப் போச்சு.

– சரி விடு. இந்த வாத்துக்குக் கழுத்து ஒட்டு.

– ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. இதுல ஒவ்வொருத்தருக்கும் நம்ம வீட்டு ஆளுங்க முகத்தைத்தானே அப்பா செதுக்கினாரு? துணி துவைக்கிறவ அம்மா. ஒயின் ஊத்தறவர் மாமா. ரொட்டிக்காரி நீ, அதே மூக்கு.

– என் மூக்கு உனக்கு என்ன பண்ணுச்சு?

– நான் தர்பூசணி விக்கிற பையன். இப்ப அந்த உடம்பு மேல உன் வீட்டுக்காரர் தலை இருக்கு. என் தலை எங்க அக்கா?

– அது அம்மா இறந்த வருஷம் அப்பா மாத்தினது. ஏன்னு கேட்டேன், உளியைத் தேச்சுக்கிட்டே இருந்தார். அவ்வளவுதான்டா எனக்குத் தெரியும்.

– அப்ப தூக்கிப் போட்டுட்டாரு. அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும்னு இருக்கு. இந்த வீட்டுல நான் உண்டா இல்லையான்னு.

– மாதாவே, நல்ல நாளும் அதுவுமா அழாத. நீ முடிச்சதைக் காட்டு.

– இந்தா, குழலூதறவன். சின்னப் பெட்டியில தனியா, பஞ்சு சுத்தி இருந்தான். கண்ணுன்னு ஒண்ணுமே இல்ல, மொழுமொழுன்னு இருந்துச்சு. அழகா ரெண்டு கண்ணு எழுதியிருக்கேன் பாரு.

– குழலூதறவனை நான் எப்பவோ குகை வாசல்ல நிறுத்திட்டேனே. இரு. சின்னப் பெட்டியா? காலை மடக்கிச் சாஞ்சு கிடந்தானா?

– ஆமா. ஈரத்துல வளைஞ்சிருக்கான்னு துணி உடம்புக்குள்ள இருந்த கம்பியை நிமித்தி விட்டேன்.

– நிமித்தி விட்டியா? பாவி, அவன் பெனீனோடா.

– எது, தூங்கற இடையனா?

– வேற எந்த பெனீனோ? அவன் தூங்கறான், அவன் காணுற கனவுதான் இந்த மலை, ஆறு, மாட்டுக்கொட்டில், மாதா எல்லாம். அவன் முழிச்சா குடிலே மறைஞ்சு போயிடும்னு இந்த நேப்பிள்ஸ்ல பால்குடி பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீ அவனுக்குக் கண்ணைத் திறந்து எழுப்பி நிக்க வெச்சிருக்க.

– முகமே இல்லாத கட்டையைப் பாத்து இவன்தான் தூங்கறவன்னு நான் என்ன கனவா கண்டேன்?

– பேசாத. அழி அதை. டர்பன்டைன் எங்க?

– பெயிண்ட் இன்னும் காயல, இப்பத் தொட்டா ஈஷிக்கும். அக்கா, பெனீனோ தாத்தா காலத்துப் பொம்மைன்னுதானே சொல்லுவீங்க? இது புது மரமா இருக்கே.

– புதுசா? வெளிச்சத்துக்குக் கொண்டா.

– தாடையில ஒரு வெட்டு வேற. விரிசல்னு நினைச்சு பட்டி வெச்சு அடைக்கப் பாத்தேன், நிக்கல. வேணும்னே செதுக்கியிருக்காங்க.

– சவேரியோ, உன் தாடையைத் தடவிப் பாரு.

– என் தாடைக்கு என்ன?

– சின்ன வயசுல பட்டறையில உளி விழுந்து கிழிஞ்சுதே. அப்பா உன்னைத் தூக்கிக்கிட்டு செருப்புகூடப் போடாம ஆஸ்பத்திரிக்கு ஓடினாரே.

– இது நானா?

– சத்தியமா எனக்குத் தெரியாதுடா. இவனை யாரையும் தொட விட மாட்டார். வருஷா வருஷம் முதல்ல இவனைத்தான் உச்சியில படுக்க வைப்பார். வெச்சுட்டு, மெதுவாப் பேசுங்க, தூங்கறான்னு என்னையும் என் வீட்டுக்காரரையும் அதட்டுவார். நான் ஏதோ கிழவர் விளையாடறார்னு நினைச்சேன்.

– செத்தவன்னு நினைச்சுக் கண்ணை மூடினாரா, இல்ல...

– தெரியலடா. எனக்கும் ஒண்ணும் ஓடல. கதவு சத்தம் கேக்குது, அப்பா வரார். கொடு, அதை மறைச்சு வெக்கிறேன்.

– மறைக்க வேணாம். இருக்கட்டும்.

– நன்னினா, அடுப்புல விலாங்கு கருகற வாசனை அடிக்குது. இங்க என்ன குசுகுசு?

– ஒண்ணுமில்லப்பா, குடில் முடிஞ்ச மாதிரிதான். நீங்க போய் உக்காருங்க.

– அவன் கையில என்ன?

– அப்பா, முகம் அழிஞ்சு கிடந்துச்சு. பாவம், தெரியாமப் பண்ணிட்டான். நல்ல நாளாச்சு, கோவப்படாதீங்க.

– உன்னைக் கேக்கல. கொண்டா இப்படி. கண்ணாடி எங்க வெச்சேன்... கண்ணு திறந்திருக்கு.

– தப்புதாம்ப்பா. காஞ்சதும் மூடிடறேன்.

– மலை எங்கயும் போகல. ஆறு இருக்கு. மாடு இருக்கு. உங்கம்மா துணி துவைச்சுக்கிட்டுத்தான் இருக்கா.

– அப்பா, அவன் உங்ககிட்டதான் பேசறான்.

– காது கேக்குது. நன்னினா, பன்னெண்டு மணிக்குப் பாலன் இயேசுவைத் தொழுவத்துல யார் வைப்பாங்க?

– வீட்டுக்குக் கடைக்குட்டி வைக்கணும். இத்தனை வருஷமா நான்தானேப்பா வைக்கிறேன்.

– அப்ப அவன் தூங்கிக்கிட்டு இருந்தான். சவேரியோ, கையில பெயிண்ட் இருக்கு, போய்க் கழுவிட்டு வாடா.