ஜீப்புக்கு அடியில ரெண்டு கல்லு

...ஹாலோ பிளாக்கு, தங்கச்சி! கோழிக்கூடு கட்டி மிஞ்சின கல்லு ரெண்டு. அது மேல ஜீப்பு. ஜீப்புக்கு அடியில என் புருஷன் கௌதென்சியோ. எப்படி அடுக்கியிருக்காரு பாத்தியா!

உக்காரு, உக்காரு. எக்ஸ்ரே எடுக்கப் போனவங்க அவ்வளவு சீக்கிரம் வரமாட்டாங்க. பாதம் தங்குமா போகுமான்னு படத்தைப் பாத்துத்தான் சொல்லுவாராம் டாக்டரு. பாவம், நீங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள கல்லு நொறுங்கி, இவரு காலு மேலேருந்து உன் வீட்டுக்காரரு எங்க ஜீப்பைத் தூக்க வேண்டியதாப் போச்சு. நல்ல வரவேற்பு!

அடியில படுக்கிறதுக்கு முன்னாடி சிலுவை போட்டுக்கிட்டாராம். சரி, மேல மாதா பாத்துக்குவா. கீழ? கல்லா பாத்துக்கும்? காலுல என்னன்னு பாத்தேல்ல... ரப்பர் செருப்பு! அதுலயும் ஒண்ணு என்னோடது.

இதுவா புதுசு? ரேடியேட்டர் கொதிச்சுக்கிட்டிருக்கும்போதே மூடியைத் திறந்தாரு. அவிச்ச வாழைப்பழமாட்டம் மூஞ்சி உரிஞ்சு போச்சு. வெல்டிங் வெக்கிறதுக்கு கடற்கரைல போடற கறுப்புக் கண்ணாடி. ராத்திரியெல்லாம் கண்ணுல மணலுன்னு கத்தல். டியூபை வாயில வெச்சு பெட்ரோலை உறிஞ்சினாரே ஒரு நாளு... அவரு ஏப்பம் விடறப்போ தீக்குச்சி கிழிக்கவே பயந்தேன்னா பாத்துக்க! மெக்கானிக்கிட்ட விடுங்கன்னா, "நான் இருக்கேனே ஃபெலிசா"ம்பாரு. இருக்காரு, இருக்காரு...

இன்னிக்குன்னு பாத்தா பிரேக்கைப் பிரிப்பாங்க? சாயங்காலம் திருவிழாப் பவனியில புனிதர் சான் ரோக்கே சொரூபத்தை எங்க ஜீப்புதான் இழுக்கணும், வருஷா வருஷம் எங்க வீட்டு மரியாதை அது. பிரேக்கு கீச்சுன்னு கத்துதாம். கத்தட்டுமே! பேண்டு வாத்தியத்துல யாருக்குக் கேக்கப்போகுது? அந்தப் புனிதரும் அங்கியைத் தூக்கித் தொடைப்புண்ணைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கிறாரு. இனிமே இவரும் கட்டுப்போட்ட காலோட பக்கத்துல நின்னுக்கலாம். சொரூபத்துக் காலடியில நிக்கிற மாதிரி நாய் ஒண்ணுதான் இவருக்குக் குறைச்சல்.

என்ன கேட்ட? இரும்பு முட்டா?

ம்... இருந்துச்சு. ரெண்டு இருந்துச்சு. ஜாக்கியில தூக்கினா ரெண்டு பக்கமும் அதைக் குடுக்காம அடியில தலையை விடமாட்டாரு. அதுல மட்டும் மனுஷன் கெட்டி.

இன்னிக்கு ஊரே வந்து சாப்பிடற நாளு. அடுப்பை நாத்தனா இரவல் வாங்கிட்டுப் போயிட்டா. ஆட்டுக்கறி அண்டாவை நான் எது மேல ஏத்தறது, சொல்லு? ஹாலோ பிளாக்கு மேலயா? சூட்டுல வெடிச்சிடாது? புள்ளைங்க ஓடியாடற இடத்துல அந்தக் கல்லை நம்பி எவளாவது அண்டா வெப்பாளா?

அதான்... அவரோட முட்டு ரெண்டையும் எடுத்தேன்.

அப்படிப் பாக்காத. நீயும்தான் ரெண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்ட.

எடுத்தா என்ன? வாய் இல்லையா இவருக்கு? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? "இறக்குடி"ன்னா இறக்கப்போறேன்...

ஷ்ஷ், இரு. எக்ஸ்ரே ரூம் கதவு திறந்திருக்கு. அவரு குரல்தானே? நர்ஸ்கிட்ட என்னமோ... "இரும்பு முட்டு ரெண்டையும் எங்க வெச்சேன்னு மறந்துட்டேம்மா, வயசாச்சு"ங்கிறாரு.

மறக்கல, தங்கச்சி. காலைல அடுப்படிக்கு வந்தாரு. அண்டாவுக்குக் கீழ குனிஞ்சு பாத்தாரு. நெருப்பு நல்லா புடிச்சிருந்துச்சு, குழம்பு கொதிச்சுக்கிட்டிருந்துச்சு, வாசல்ல விருந்தாளிங்க. நான் கரண்டியும் கையுமா, "என்ன வேணும்?"னு எரிஞ்சு விழுந்தேன். "ஒண்ணுமில்ல, வாசனை நல்லாருக்கு"ன்னுட்டு கோழிக்கூட்டுப் பக்கம் நடந்தாரு.

டாக்டரு வெளிய வர்றாரு. கையில படம்.

நீ போ, தங்கச்சி. நீ போய்க் கேளு. நான் இங்கயே இருக்கேன்.