கூட்டமில்லாத நேரம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னலைச் சாத்திவிடலாம்... வேண்டாம், திறந்தே இருக்கட்டும். சாத்தினால் யாரோ தட்டுகிற மாதிரியே இருக்கும்.

என் தோழி பெய்-ஷானின் தாய்மாமாவுக்கு நடந்தது இது.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். புயல் கடந்துபோன மறுநாள். தைப்பேயில் எந்நேரமும் ஸ்கூட்டர் மொய்க்கும் அந்தச் சாலையில் ஈ காக்காய் இல்லை. சாக்கடைக்குள் மழைத்தண்ணீர் இறங்கும் சத்தம்... வாசலுக்கு வாசல் தகர டப்பாவில் மறைந்தவர்களுக்கென்று கொளுத்திய காகிதப் பணம் கருகும் நாற்றம். சீனப் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதம். நல்லண்ணன்மார் வெளியே உலாவும் மாதம். வேறு பெயர் சொல்லி அவர்களை நாம் யாரும் குறிப்பிடுவதில்லை. கூப்பிட்டதாக நினைத்து வந்து நின்றுவிட்டால்?

மிங்-தே மாமா மட்டும் வாய்க்கு வாய் "பேய் மாசம்" என்பார். ஊரில் எல்லோரும் முட்டாள், தான் ஒருத்தன்தான் புத்திசாலி என்று நம்பிய மனிதர். எதற்கும் நல்ல நேரம் அவருக்குத்தான் தெரியும். மீன் எப்போது வாங்குவது, பல்லை எப்போது பிடுங்குவது... முக்கியமாக, ஊரைப் பார்க்க எல்லோரும் ஏறும் அந்த நூறு மாடிக் கோபுரத்தின் உச்சித் தளத்துக்கு எப்போது போவது. காலையில் போகிறவன் பனிமூட்டத்தைப் பார்க்கிறான். ராத்திரி போகிறவன் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்க்கிறான். விடுமுறையில் போகிறவன் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்க்கிறான். ஏழாம் மாதத்தில், வேலைநாளில், மழை விட்ட சாயங்காலத்தில் போகிறவன்தான் மனிதன். பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் வீட்டில் கிடப்பார்கள்.

அவர் மனைவி யூ-லான் அந்தக் கோபுரத்தில் ஏறியதே இல்லை. அன்றைக்கும் வரவில்லை. வாசலில் படையல் மேசை போட்டுக்கொண்டிருந்தாள். படையலை எப்போதும் வாசலுக்கு வெளியேதான் வைப்போம். உள்ளே வா என்று யாரையும் சொல்லிவிடக் கூடாது.

"இன்னைக்குப் போகாதீங்க" என்றாள்.

"ஆமா, போனா புடிச்சுக்கும். நீ அதுங்களுக்குச் சோறு போடு, நான் ஊரைப் பார்த்துட்டு வரேன்."

லிஃப்ட் ஏறியது. காது அடைத்தது. எச்சிலை விழுங்கினார், திறந்துகொண்டது. விழுங்கத் தெரியாமல் காதைப் பொத்தும் சனங்களை நினைத்து இளக்காரமாகச் சிரித்துக்கொண்டார்.

மேலே யாரும் இல்லை. லிஃப்ட் பக்கம் ஒரு காவலாளி மட்டும். கண்ணாடிக்குக் கீழே மேகம், மேகத்துக்கு நடுவே சிவந்த வெளிச்சம். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் தேர்ந்தெடுத்த நேரம் அருமையான நேரம்தான்.

அப்போது பின்னால்... சளக்... சளக்... நனைந்த செருப்பு. கூடவே ஆற்றுச் சேற்று வாடை.

"இங்க வர எது நல்ல நேரம், ஐயா? எனக்குக் கூட்டம் ஆகாது." ஒரு பெண்குரல். வெளியூர்ப் பேச்சு.

பட்டிக்காடு என்று நினைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் பாடத்தை ஒப்பித்தார். குரல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு,

"உங்க வீட்டுக்கு வர்றதுன்னா... எது நல்ல நேரம்?"

மாமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்குமா?

"இப்பவே போயேன். நான் இங்க இருக்கேன், பொண்டாட்டி தனியா இருக்கா. இதைவிட நல்ல நேரம் உனக்குக் கிடைக்காது."

இப்படியும் ஒரு மடச்சி இருப்பாளா என்று முகத்தைப் பார்க்கத் திரும்பினார். ஆளில்லை. தரையில் ஈரம் மட்டும், லிஃப்ட் வரைக்கும். லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.

அதில் யார் போனது என்று காவலாளியைக் கேட்டார். யாரும் ஏறவில்லை, கதவு தானாக மூடிக்கொண்டது என்றான் அவன்.

வீட்டுக்குப் போன் அடித்தார். மணி போனது... போனது... எடுக்கவில்லை. அவ்வளவுதான், புத்திசாலித்தனம் எல்லாம் காற்றில் பறந்தது. அந்த மனிதருக்கு யூ-லானை விட்டால் நாதியில்லை. அது அவருக்கே டாக்ஸியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. வழியெல்லாம் அவள் பெயரையே முனகினாராம்.

மாடியேறினார். வாசலில் படையல் தொடாமல் கிடந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே, சாப்பாட்டு மேசையருகே யூ-லான் உட்கார்ந்திருந்தாள். ஒரு கீறல் இல்லை. மாமாவுக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் மேசையைப் பார்த்தார். இரண்டு கோப்பை தேநீர். எதிரே இருந்த நாற்காலியின் கீழே ஈரம்.

"யார் வந்தது?"

யாரும் வரவில்லையே என்று தலையாட்டினாள். எச்சிலை விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள்.

"என்னங்க... காது அடைக்குது."

அன்றைக்கு அடைத்த காது இன்னும் திறக்கவில்லை. டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள், காதில் ஒரு குறையும் இல்லையாம். மாமா இப்போது யாருக்கும் நேரம் சொல்வதில்லை. கோயில் கோயிலாகப் போய், என்றைக்குப் பூசை செய்தால் சரியாகும் என்று கண்டவரிடமெல்லாம் கைகட்டி நின்று கேட்கிறார்.

யூ-லான் நன்றாகச் சமைக்கிறாள், சிரிக்கிறாள். ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், ஜன்னல் பக்கம் போவதில்லை. கீழே மேகம் தெரிகிறதாம். சுவரைப் பிடித்துக்கொண்டு அவரிடம் மெதுவாகக் கேட்பாளாம்...

"எப்பங்க என்னைக் கீழ இறக்குவீங்க?"